அரைத்த மாவையே அரைக்கும் உலாவிகளும் சூடு ஆறாத லேப்டாப்களும்

லேப்டாப் சூடாகிறது என்றால் எல்லோரும் லேப்டாப்பைத்தான் திட்டுகிறார்கள். "கவர்மெண்ட் சும்மா குடுத்தது வேற எப்படி இருக்கும்?" என்பது ஒரு கட்சி. "பேட்டரி போச்சுங்க, மாத்திருங்க" என்பது கடைக்காரர் கட்சி. "ராம் பத்தாது, இன்னும் நாலு ஜிபி போடுங்க" என்பது கொஞ்சம் விவரம் தெரிந்தவர் கட்சி. உள்ளே ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு, செய்து முடித்த வேலையையே இன்னொரு தரம் செய்ய வைத்துக் கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கிறான். அவனை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவன் பெயர் பிரவுசர். நல்ல தமிழில் உலாவி.

அவன் மேல் ஒரே ஒரு குற்றச்சாட்டு. திரையில் படத்தை அடுக்கிச் சேர்க்கும் வேலையை ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் முறையாக ஒப்படைக்காமல், எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு, அந்தச் செலவை லேப்டாப் வைத்திருப்பவர் தலையில் கட்டுகிறான். அதைச் சரிசெய்வதற்குப் பெயர்தான் நேட்டிவ் கம்போசிட்டிங். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், விஷயம் மாவு அரைப்பது மாதிரி எளிது.

ஒரே மாவு, ரெண்டு கல்

ஒரு வலைப்பக்கம் பார்ப்பதற்கு ஒரே படம் போலத் தெரியும். உள்ளே அப்படி இல்லை. நகராமல் மேலே நிற்கும் தலைப்புப் பட்டை ஒரு அடுக்கு. உருளும் எழுத்துகள் ஒரு அடுக்கு. நடுவில் ஓடும் வீடியோ ஒரு அடுக்கு. ஓரத்தில் துள்ளிக் குதிக்கும் விளம்பரம் ஒரு அடுக்கு. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது போல இவற்றை வரிசையாக வைத்து ஒரே படமாக்குவதுதான் கம்போசிட்டிங்.

வம்பு எங்கே என்றால், ஆபரேட்டிங் சிஸ்டமும் இதே வேலையைத்தான் செய்கிறது. பிரவுசர் ஜன்னல், பின்னால் திறந்து கிடக்கும் எக்செல், கீழே டாஸ்க்பார், மேலே மவுஸ் அம்பு... எல்லாவற்றையும் அடுக்கித்தான் அது திரைக்கு அனுப்புகிறது. விண்டோஸில் 2007-ல் விஸ்டா வந்ததிலிருந்து இதற்கென்றே தனி கம்போசிட்டர் உண்டு. மேக்கில் அதற்கும் முன்பே வந்துவிட்டது. லினக்ஸில் 2008-ல் ஆரம்பித்த வேலண்ட் திட்டம் கம்போசிட்டரையே நடுவில் உட்கார வைத்துவிட்டது.

ஆக, பிரவுசர் தன் அடுக்குகளை எல்லாம் தானே சேர்த்து ஒரு பெரிய படமாக்குகிறது. அந்தப் படத்தை வாங்கி ஆபரேட்டிங் சிஸ்டம் மறுபடி அடுக்குகிறது. வீட்டில் கிரைண்டரில் ஒரு தரம் ஆட்டிய மாவை வாளியில் தூக்கிக்கொண்டு போய் மில்லில் இன்னொரு தரம் ஆட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

காமர்ஸ் படிக்கிற எவருக்கும் இரட்டைப் பதிவு முறை தெரியும். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு. அங்கே ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதுவது தப்பைக் கண்டுபிடிப்பதற்காக. இங்கே ஒரே படத்தை இரண்டு தரம் சேர்ப்பது எதைக் கண்டுபிடிப்பதற்காக?

நேட்டிவ் கம்போசிட்டிங்கில் பிரவுசர் தன் அடுக்குகளைத் தனித்தனியாகவே ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுத்துவிடும். "இதோ தலைப்பு, இதோ எழுத்து, இதோ வீடியோ. எது எங்கே என்றும் சொல்லிவிட்டேன். நீயே சேர்த்துக்கொள்." அவ்வளவுதான். ஒரே தரம் அரைத்தால் போதும். இன்னொரு லாபமும் உண்டு. திரைக்குப் படம் அனுப்பும் சில்லுக்குள்ளேயே வீடியோ மாதிரியான அடுக்குகளுக்குத் தனித் தடம் பல கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. வீடியோ தனி அடுக்காக வந்தால் அதை நேராக அந்தத் தடத்தில் விட்டுவிடலாம். கிராபிக்ஸ் சில்லு கொஞ்சம் மூச்சு விடும். கலக்கிய பிறகு கொடுத்தால் எது வீடியோ, எது விளம்பரம் என்று ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு எப்படித் தெரியும்?

சாட்சி எங்கே?

ஆதாரம் இல்லாமல் குற்றம் சாட்டக் கூடாது. சாட்சி 2019-ல் இருக்கிறது, அதுவும் குற்றவாளியின் வாக்குமூலமாகவே.

மேக்கில் ஃபயர்பாக்ஸ் ஓட்டினால் விசிறி கத்தும், பேட்டரி இறங்கும் என்பது பல வருடப் புலம்பல். காரணம் என்ன? ஃபயர்பாக்ஸ் தன் ஜன்னல் முழுவதையும் ஒரே துண்டுப் படமாக மேக்கிடம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு மூலையில் விரல் நகம் அளவு சக்கரம் சுற்றினாலும், மாறியது அந்த மூலை மட்டும்தான் என்று மேக்குக்குத் தெரியாது. முழு ஜன்னலையும் மறுபடி அடுக்கும். ஒரு ஓடு உடைந்ததற்கு மொத்தக் கூரையையும் பிரித்து மேய்கிற கதை.

2019 அக்டோபரில் வந்த ஃபயர்பாக்ஸ் 70-ல் மொசில்லா இதை மாற்றியது. ஜன்னலைத் துண்டுகளாகப் பிரித்து, மேக்கின் சொந்த ஏற்பாடான கோர் அனிமேஷனிடம் ஒப்படைத்தது. மின்சாரச் செலவு குறைந்ததோடு, பக்கம் திறக்கும் வேகம் 22 சதவீதம் வரை கூடியது, வீடியோவுக்கு ஆகும் செலவு 37 சதவீதம் வரை குறைந்தது என்று மொசில்லாவின் வெளியீட்டுக் குறிப்பே சொன்னது. அதே மெஷின், அதே பேட்டரி, அதே ராம். மாறியது பிரவுசர் மட்டும்.

இதற்குப் பிறகும் "லேப்டாப் பழசுங்க, அப்பிடித்தானுங்க இருக்கும்" என்று சொன்னால் என்ன செய்வது?

அந்தியூருக்கு இதில் என்ன?

நியாயமான கேள்வி. அந்தியூரில் மேக் வைத்திருப்பவர்களை எண்ணக் கை விரல்களே மிச்சம். இங்கே இருப்பது வேறு. 2011 செப்டம்பரில் ஆரம்பித்த தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் மாநிலம் முழுக்க 50 லட்சத்துக்கும் மேல் லேப்டாப்கள் கொடுக்கப்பட்டன. அக்காவுக்குக் கிடைத்தது தம்பிக்கு வந்து, தம்பியிடம் இருந்து சித்தப்பா கடைக்கு பில் போடப் போய், இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்கள் கொங்குநாட்டுப் பக்கம் எத்தனையோ.

அந்த லேப்டாப்கள் வந்த காலத்தையும் நினைத்துப் பாருங்கள். 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் கட். பேட்டரியில் மிச்சமாகும் ஒவ்வொரு நிமிஷமும் பிளஸ் டூ பையனுக்குப் படிப்பு. அப்போது பிரவுசர் செய்த வீண் செலவு வெறும் தொழில்நுட்பக் குறை இல்லை. ஒருத்தர் படிப்பு நேரத்தில் இருந்து பிடுங்கியது.

இப்போது நிலைமை இன்னும் இறுகியிருக்கிறது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் இன்டெல் எட்டாம் தலைமுறை சில்லும் டிபிஎம் 2.0-வும் வேண்டும். 2011 முதல் சில வருடங்களில் வந்த இலவச லேப்டாப்கள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அவற்றுக்கு மிச்சம் இருக்கும் கௌரவமான வழி லினக்ஸ். ஆரம்பத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்ததே... முக்கால்வாசிப் பேர் ஒரு தரம் கூடத் திறக்காத அந்த இன்னொரு கதவு!

ஆனால் லினக்ஸில்தான் பிரவுசர்கள் மிகவும் அசமந்தமாக இருந்தன. லினக்ஸின் பழைய திரை ஏற்பாடான எக்ஸ் 11, 1987-ல் பிறந்தது. அதற்கு மாற்றாக வேலண்ட் 2008-ல் ஆரம்பித்தது. ஃபெடோரா 2016-லேயே வேலண்டை இயல்பான ஏற்பாடாக ஆக்கிவிட்டது. மொசில்லா தன் ஃபயர்பாக்ஸை வேலண்டோடு இயல்பாக நேரில் பேச வைத்தது எப்போது தெரியுமா? 2023 டிசம்பரில், 121-ம் பதிப்பில். அதுவரை நடுவில் எக்ஸ்வேலண்ட் என்று ஒரு மொழிபெயர்ப்பாளர். லினக்ஸில் இன்டெல் சில்லுகளின் வீடியோ வசதியை ஃபயர்பாக்ஸ் தானாகப் பயன்படுத்த ஆரம்பித்ததும் 2023 ஜூலையில்தான், 115-ம் பதிப்பில். விண்டோஸ்காரர்களுக்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்பே கிடைத்தது அது.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வேலண்டோடு நேரில் பேசுவது முதல் படி மட்டும்தான். பக்கத்தைத் தனித்தனி அடுக்காக ஒப்படைப்பது இரண்டாவது படி. ஃபயர்பாக்ஸின் லினக்ஸ் பதிப்பில் அந்த இரண்டாவது படி சோதனை அமைப்பாகவே பல வருடம் மூலையில் கிடந்தது. மேக்குக்கு 2019-ல் பந்தி போட்டாயிற்று. லினக்ஸ்காரர் இலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

ஏன் யாரும் செய்வதில்லை?

இதற்குப் பதில் கம்ப்யூட்டர் சயின்ஸில் இல்லை, அக்கவுண்ட்ஸில் இருக்கிறது.

நேட்டிவ் கம்போசிட்டிங் சேர்க்க இன்ஜினியர்கள் சம்பளம், சோதனைச் செலவு, வருடக்கணக்கில் பராமரிப்பு. இவை எல்லாம் பிரவுசர் செய்யும் கம்பெனியின் லாப நட்டக் கணக்கில் செலவாக ஏறும். சேர்க்காமல் விட்டால் வரும் செலவு? கூடுதல் கரண்ட், சீக்கிரம் தேயும் பேட்டரி, மதியத்திலேயே சார்ஜர் தேடும் அவஸ்தை. இவை எதுவும் கம்பெனியின் புத்தகத்தில் வராது. லேப்டாப் வைத்திருப்பவர் வீட்டு பில்லில் வரும். பொருளாதாரத்தில் இதைப் புறச்செலவு என்பார்கள். சாயப்பட்டறை தண்ணீரை ஆற்றில் விட்டால் பட்டறைக்கு மிச்சம், ஆற்றங்கரைக்காரருக்கு நட்டம். நொய்யலைப் பார்த்த கொங்கு மக்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

சும்மா ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு லேப்டாப்பில் ஒரே ஒரு வாட் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். 50 லட்சம் லேப்டாப். நாள் ஒன்றுக்கு 15,000 யூனிட், வருடத்துக்கு 54 லட்சம் யூனிட்டுக்கும் மேல். ஒவ்வொரு வீட்டிலும் இது சில்லறை. மொத்தமாகச் சேர்த்தால் சில்லறை இல்லை. தனித்தனியாக யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள் என்பதுதான் கம்பெனிகளின் தைரியமே.

எதிர்க்கட்சிக்காரர் சொல்வது

"மூன்று ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மூன்று வழி எழுத வேண்டும். ஒரே வழி எழுதினால் எல்லா இடத்திலும் ஓடும்." உண்மைதான். ஆனால் ஒரே அளவு செருப்பு தைத்தால் தைப்பவருக்குத்தான் சுலபம், போடுபவர் காலுக்கு இல்லை.

"பழைய டிரைவர்களில் நேட்டிவ் வழி போனால் திரை கறுத்துவிடும், கிழிந்த மாதிரி தெரியும்." இதுவும் உண்மை. குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டுமே சிக்கல் பண்ணும் கிராபிக்ஸ் டிரைவர்களுக்கு ஒரு கறுப்புப் பட்டியல் வைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட மெஷின்களுக்குப் பழைய வழியை வைத்திருக்கட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்துப் பேருக்குக் காய்ச்சல் என்பதற்காக ஊருக்கே கஞ்சி ஊற்றாதீர்கள் என்பதுதான் வாதம்.

"இப்போதைய கிராபிக்ஸ் சில்லுகள் வேகமானவை, இரண்டு தரம் சேர்த்தாலும் தெரியாது." கண்ணுக்குத் தெரியாதுதான். பேட்டரிக்குத் தெரியும். அதோடு 'இப்போதைய' என்ற அந்த ஒரு வார்த்தையில் பழைய லேப்டாப்காரர் எல்லோரும் வெளியே தள்ளப்பட்டுவிட்டார்கள், கவனித்தீர்களா?

"புது லேப்டாப் வாங்கிவிடலாமே?" இதற்குப் பதில் சொல்வதற்கில்லை. சொல்பவரே வாங்கிக் கொடுத்தால் நல்லது.

நம்மூர் உலாவியின் பொறுப்பு

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்குச் சொந்தமாக ஒரு பாத்திரமும் உண்டு. சோஹோ நிறுவனம் 2023-ல் உலா என்று அழகான தமிழ்ப் பெயரில் ஒரு பிரவுசரை வெளியிட்டது. அதே வருடம் ஆகஸ்டில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இந்திய பிரவுசர் உருவாக்கும் போட்டியை அறிவித்தது. 2025 மார்ச்சில் முடிவு வந்தது. முதல் பரிசு உலாவுக்கு, ஒரு கோடி ரூபாய். சந்தோஷம், கை தட்டலாம்.

கை தட்டி முடித்ததும் ஒரு கேள்வி. செய்திகளில் முன்னால் நின்றது இந்தியாவின் சொந்த நம்பிக்கைச் சான்றிதழ் தொகுப்பு, டிஜிட்டல் கையெழுத்து, தகவல் பாதுகாப்பு. எல்லாம் தேவைதான். ஆனால் உலாவின் அடியில் இருக்கும் இன்ஜின் குரோமியம். திரையில் படம் சேர்க்கும் வேலை எல்லாம் அங்கே நடக்கிறது. மேலே பெயின்ட் அடித்து, பூட்டு மாற்றி, பெயர்ப்பலகை வைத்த வீடு நம்முடையது. அஸ்திவாரம் வேறொருவருடையது. அதில் தப்பில்லை, ஓப்பன் சோர்ஸ் என்பதே அதற்குத்தான். ஆனால் அஸ்திவாரத்துக்கு நாலு செங்கல் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

"அதெல்லாம் கூகுள் அளவு பெரிய கம்பெனியால்தான் முடியும்" என்று சாக்குச் சொல்ல முடியாது. குரோமியத்தை வேலண்டோடு நேரில் பேச வைக்கும் வேலையில் 2016 முதல் பெரும் பங்கு எடுத்தது இகாலியா. ஸ்பெயினின் கலீசியாப் பகுதியில், 2001-ல் ஆரம்பித்த ஒரு கூட்டுறவு நிறுவனம். வேலை செய்பவர்களே அங்கே முதலாளிகள். வாடிக்கையாளர் காசு கொடுத்தார், வேலை நடந்தது, பலன் எல்லோருக்கும் போனது. பவானி ஜமக்காளத்துக்கும் சென்னிமலைப் போர்வைக்கும் கூட்டுறவுச் சங்கம் வைத்துப் பிழைத்த மண்ணுக்கு இது புரியாத பாடமா?

கோயமுத்தூரிலும் ஈரோட்டிலும் இன்ஜினியரிங் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. கடைசி வருட பிராஜக்ட் என்றால் என்ன செய்கிறார்கள்? லைப்ரரி மேனேஜ்மெண்ட் சிஸ்டம். இல்லாவிட்டால் ஸ்டூடண்ட் அட்டெண்டன்ஸ் சிஸ்டம். அதையும் காந்திபுரத்தில் காசு கொடுத்து வாங்குபவர்கள் உண்டு (யாரையும் குறிப்பிடவில்லை, தொப்பி பொருந்துபவர்கள் போட்டுக்கொள்ளலாம்!). அதற்குப் பதிலாகப் பழைய இலவச லேப்டாப் ஒன்றை எடுத்து, எக்ஸ் 11-லும் வேலண்டிலும் ஒரே வீடியோவை ஓட்டி, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று அளந்து, சிக்கல் எங்கே என்று குரோமியத்துக்கும் மொசில்லாவுக்கும் எழுதினால்? அதுவும் பிராஜக்ட்தானே? பத்து வருடப் பழைய இன்டெல் சில்லு உள்ள மெஷின் கலிபோர்னியாவில் இருக்கும் இன்ஜினியர் மேஜையில் இருக்காது. இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதைச் சோதித்துச் சொல்ல இந்த ஊரை விட்டால் ஆள் இல்லை.

காசு கொடுப்பவர் கேட்கலாம்

புறச்செலவுக்கு ஒரே மருந்துதான். வாங்குகிறவர் நிபந்தனை போட வேண்டும். ஒற்றை ஆள் கேட்டால் எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். லட்சக்கணக்கில் வாங்குகிறவர் கேட்டால் ஓடி வருவார்கள்.

அப்படிப்பட்ட வாங்குபவர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார். 2025-26 தமிழக பட்ஜெட்டில், இரண்டு வருடங்களில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் கொடுக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. முதல் கட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய். இந்த மாதிரி திட்டங்களுக்குக் கொள்முதல் செய்வது எல்காட். டெண்டரில் ராம் எவ்வளவு, திரை எத்தனை இஞ்ச் என்று பார்ப்பதோடு இன்னும் ஒரே ஒரு வரி சேர்க்கட்டும்: உள்ளே போட்டுக் கொடுக்கும் பிரவுசர், உள்ளே போட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் அதன் சொந்த கம்போசிட்டரையே பயன்படுத்த வேண்டும். சோதனையும் எளிது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒரு மணி நேரம் பிரவுசரில் வீடியோ ஓட்டு, எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று எழுது. இதற்கு நிபுணர் குழு வேண்டாம், ஒரு கடிகாரம் போதும்.

அதே மாதிரி அடுத்த முறை இந்திய பிரவுசருக்குப் போட்டி வைத்தால், மார்க்கில் பத்தில் ஒரு பங்காவது பேட்டரிக்கு ஒதுக்கட்டும். சுதேசி என்பது லோகோவில் மட்டும் இருந்தால் போதாது. சுதேசி ஏழையின் கரண்ட் பில்லிலும் தெரிய வேண்டும்.

வீட்டில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஃபயர்பாக்ஸ் முகவரிப் பெட்டியில் 'அபவுட்: சப்போர்ட்' என்று இங்கிலீஷில் அடித்துப் பாருங்கள். வரும் பட்டியலில் 'விண்டோ புரோட்டோகால்' என்ற வரி இருக்கும். அங்கே 'வேலண்ட்' என்று இருந்தால் சந்தோஷம். 'எக்ஸ்வேலண்ட்' என்று இருந்தால் நடுவில் மொழிபெயர்ப்பாளர் இன்னும் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். சம்பளம் யார் பேட்டரியில் இருந்து போகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்கு வருகிற விவசாயியைப் பாருங்கள். மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார், தீனி எவ்வளவு தின்னும் என்று கேட்காமல் விலை பேச மாட்டார். அதே வீட்டுப் பையன் லேப்டாப்பில் பிரவுசரைப் போடும்போது ஐகான் கலரைப் பார்த்துப் போடுகிறான். தீனி எவ்வளவு தின்னும் என்ற கேள்வியை அவனும் கேட்க ஆரம்பித்தால் போதும். பதில் சொல்ல வேண்டியவர்கள் அப்புறம் தூங்க முடியாது.